விட்டுப்போன ஒரு வரி

9

அந்த வியாழக்கிழமை காலை ஹெல்வி அலுவலகக் கதவைத் திறந்தபோது, உள்ளே ஏற்கெனவே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏழு வருடமாக அந்த விளக்கை முதலில் போடுகிறவள் அவள்தான்.

ஜோசலின் தன் மேசையில் உட்கார்ந்து ஏதோ பாட்டை முனகியபடி கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஹெல்வியின் தம்பி ரைமோ, மனைவியின் நாற்காலி முதுகில் கையூன்றி நின்றிருந்தான்.

"வா வா முதலாளியம்மா! இதைப் பாரேன். உன் வெப் பக்கம் தொண்ணூத்தி நாலு கிலோபைட். இவ பண்ணினது பத்தொம்பது. அஞ்சுல ஒரு பங்கு! ஏரிக்கு அந்தாண்டை இன்னும் டெலிபோன் லைன்லதானே இன்டர்நெட் பாக்கறாங்க? அவங்களுக்கெல்லாம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும்."

"சந்தோஷம்" என்றாள் ஹெல்வி. கோட்டைக் கழற்றி மாட்ட வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

தம்பிக்கு அவள் மேல் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. அவன் ஒரு குழந்தையைப் போலச் சந்தோஷமாக இருந்தான்.

1996-ல் ஒரு மீன்பிடி விடுதிக்காக ஹெல்வி தன் முதல் வலைப்பக்கத்தைச் செய்தாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மற்றவர்கள் செய்த பக்கங்களைத் திறந்து, உள்ளே எழுதியிருப்பதை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தே கற்றாள். பக்கத்தைக் கட்டம் கட்டமாக டேபிளில் பிரித்து, கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம் என்று ஐந்து அடுக்கு வரை தலைக்குள்ளேயே வைத்திருப்பாள். இடைவெளி வேண்டிய இடத்தில், 'ஸ்பேசர்' என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை இழுத்து நீட்டி முட்டுக் கொடுப்பாள். ஒரு பிக்ஸல் பிசகாது. ஏரிக்கரை ஊரான பைன் ஹார்பரில் கடை, விடுதி, படகுத்துறை என்று நாற்பத்து மூன்று பேருக்கு அவள் கட்டிக்கொடுத்த பக்கங்கள் இன்றும் ஓடுகின்றன. அதை வைத்துத்தான் அக்காவும் தம்பியும் குடும்பப் பெயரில் 'கிவெலா வெப்' என்று ஒரு பெயர்ப்பலகை மாட்டினார்கள்.

எட்டு மாதத்துக்கு முன் வின்னிபெக் நகரத்திலிருந்து ஜோசலின் வந்தாள். ரைமோவின் மனைவியாக மட்டும் வந்திருந்தால் ஹெல்விக்கு அவளைப் பிடித்துக்கூடப் போயிருக்கும். அவள் சிஎஸ்எஸ் என்ற புது முறையோடு வந்தாள். டேபிளே வேண்டாம், என்ன சொல்கிறோம் என்பது ஒரு ஃபைலில், அது திரையில் எங்கே நிற்க வேண்டும் என்பது இன்னொரு ஃபைலில். அவ்வளவுதான் என்றாள். அன்றிலிருந்து ரைமோவின் ஒவ்வொரு வாக்கியமும் "ஜோசலின் என்ன சொல்றான்னா" என்றே தொடங்கியது.

போன வாரம் வந்த கடிதத்தோடு அது போட்டியாகவே ஆகிவிட்டது. பார்வையில்லாத பயணி ஒருவர் எழுதியிருந்தார். பதினான்காம் நிறுத்தத்தில் அன்று பேருந்து கிடையாது என்பது தெரியாமல், மைனஸ் இருபத்தெட்டு டிகிரியில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். அறிவிப்பு, பேருந்துக் கழகத்தின் வலைப்பக்கத்தில் இருந்தது. ஆனால் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் கட்டம் கட்டமாகப் படித்துக்கொண்டு போனதில், அவர் அதுவரை போய்ச் சேரவே இல்லை. அந்தப் பக்கம் ஹெல்வி கட்டியது.

கழகம் புதுப் பக்கம் கேட்டது. இரண்டு மாதிரி கொண்டுபோகலாம், அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவு செய்தது ரைமோ. ஒன்று ஹெல்வியுடையது, ஒன்று ஜோசலினுடையது. இன்று பதினோரு மணிக்குக் கூட்டம்.

"ஜோ, ஒரு விஷயம்" என்றான் ரைமோ. "எல்லாம் இடது ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கு. வலது பக்கம் காலியாக் கிடக்கு. நடுவுல கொண்டு வாயேன்."

"இப்பவா?"

"அஞ்சு நிமிஷ வேலைதானே உனக்கு?"

ஜோசலின் உதட்டைக் கடித்தபடி தட்டினாள். பக்கம் நடுவுக்கு வந்தது. வழித்தடம், கட்டணம் என்று பட்டியலிடும் மெனு மட்டும் இடது ஓரத்திலேயே தங்கிவிட்டது. ஓர் எண்ணை மாற்றினாள். மெனுவும் நகர்ந்து வந்து சரியான இடத்தில் உட்கார்ந்தது.

"பிரமாதம்!" என்று அவள் உச்சந்தலையில் முத்தம் கொடுத்துவிட்டு, காரைச் சூடாக்கப் போனான் ரைமோ. ஜோசலின் கழுவறைக்குப் போனாள்.

ஹெல்வி தன் கணினியில் ஜோசலினின் பக்கத்தைத் திறந்தாள். பார்க்க வேண்டும் என்று திட்டமெல்லாம் இல்லை. அந்த முத்தத்துக்குப் பிறகு கை தானாகப் போயிற்று.

ஜோசலினுடையது புது மானிட்டர், அகலமானது. ஹெல்வியுடையது பழைய சின்னத் திரை. அந்தச் சின்னத் திரையில், மெனு அறிவிப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு சொற்களும் அதற்கடியில் மறைந்திருந்தன. 'இன்று பேருந்து கிடையாது' என்று தெரிந்தது. எந்த நிறுத்தம் என்பது தெரியவில்லை.

காரணம் அவளுக்கு உடனே புரிந்தது. மெனு, பக்கத்தின் ஓரத்திலிருந்து அளக்காமல் திரையில் திறந்திருக்கும் ஜன்னலின் ஓரத்திலிருந்து அளந்துகொண்டிருந்தது. ஜன்னல் சுருங்கினால் பக்கம் நகரும்; மெனு நகராது. பக்கத்தைச் சுற்றியிருக்கும் பெட்டிக்கு ஒரு வரி சேர்த்து, அந்த எண்ணைச் சைபராக்கினால் தீர்ந்தது.

அவளுக்கு எப்படித் தெரியும்? ஆறு வாரமாக, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலக வாசலில் காரை நிறுத்தி, அச்செடுத்த தாள்களை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு சிஎஸ்எஸ் படித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவளான ஜோசலினிடம் போய், எனக்குச் சொல்லிக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. பொறாமை அவளை நல்ல மாணவியாக்கியிருந்தது. படித்ததில் அவள் முதன்முதலாகப் பயன்படுத்திய பாடம், போட்டிக்காரியின் தப்பைக் கண்டுபிடித்தது.

கழுவறைக் கதவு திறந்தது.

"ஏதாச்சும் பாத்தீங்களா?" என்றாள் ஜோசலின், கையைத் துடைத்துக்கொண்டே. குரலில் நிஜமான தயக்கம். "உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது. சொல்லுங்க."

ஒரு வரி. பத்து விநாடி.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஹெல்வி. திரையிலிருந்த ஜன்னலை மூடினாள்.

*

பேருந்துக் கழகத்தின் கூட்ட அறையில் வெப்பக் குழாய் கடகடத்துக்கொண்டிருந்தது. மேலாளர் ட்ரெஸ்லர், வெண்ணெய் டார்ட் பலகாரப் பெட்டியை அவர்கள் பக்கம் தள்ளினார். அவருக்குப் பக்கத்தில் நாடியா போய்ச்சுக், பயணிகள் குறை கேட்கும் அதிகாரி. ஐம்பது வயதிருக்கும், பிறவியிலேயே பார்வை கிடையாது. முன்னால் தன் மடிக்கணினியை வைத்திருந்தார்.

"முதல்ல நான் கேட்டுடறேன். அப்புறம் ட்ரெஸ்லர் பாத்துக்கட்டும்" என்றார் நாடியா. "அழகெல்லாம் அவர் டிபார்ட்மென்ட்."

ஹெல்வியின் பக்கத்தைத் திறந்தார். ஒலிபெருக்கியிலிருந்து மூச்சுவிடாத குரல் ஒன்று வந்தது. "படம், ஸ்பேசர். படம், ஸ்பேசர். வழித்தடங்கள். படம், ஸ்பேசர். கட்டணம். படம், ஸ்பேசர்..."

 குரல் அப்படியே ஓடிக்கொண்டே இருந்தது.

"யாருங்க இந்த மிஸ்டர் ஸ்பேசர்?" என்றார் நாடியா கடைசியில். "பதினாலு தடவை வந்துட்டாரு. ஒரு தடவைகூடக் கை குடுக்கல."

ட்ரெஸ்லர் குலுங்கிச் சிரித்தார். ரைமோகூடச் சிரித்தான், சட்டென்று அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஹெல்விக்குக் காது மடல் வரை சுட்டது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத முட்டுகள் ஒவ்வொன்றையும் தன் கையால் வைத்தவள் அவள். பார்க்கிறவர்களுக்குத்தான் அவை தெரியவில்லை. இந்த அம்மாவுக்கு அவை மட்டும்தான் தெரிந்தன.

இப்போது ஜோசலினின் பக்கம். முதல் மூச்சிலேயே குரல் சொன்னது: "இன்றைய அறிவிப்பு. பதினான்காம் நிறுத்தத்தில் இன்று பேருந்து கிடையாது. பதினாறாம் நிறுத்தத்துக்குச் செல்லவும்."

நாடியா கையை உயர்த்திக் குரலை நிறுத்தினார். 

"இன்னொரு தடவை கேக்கறேன்" என்றார். கேட்டார். "யார் பண்ணினது?"

"நான்" என்றாள் ஜோசலின். "முக்கியமானதை முதல்ல எழுதியிருக்கேன். திரையில அது எங்க தெரியணும்கறதைத் தனியாச் சொல்லிட்டேன். அதனால கேக்கறவங்களுக்கு ஒரு வரிசை, பாக்கறவங்களுக்கு ஒரு இடம்."

"அந்த லெட்டர் போட்டவரு எனக்குப் பழக்கம். ரெண்டு விரல் இன்னும் மரத்துக் கிடக்கு அவருக்கு" என்றார் நாடியா. "எனக்கு இதுதான் வேணும்."

ஹெல்வி மேசைக்கடியில் தன் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ரைமோவின் கை ஜோசலினின் தோளில் இருந்தது.

"சரி, இப்ப எனக்குக் காட்டுங்க" என்றார் ட்ரெஸ்லர்.

ஜோசலின் தன் மடிக்கணினியைப் புரொஜெக்டரில் இணைத்தாள். அது பழைய புரொஜெக்டர். அதில் கொள்ளும் படத்தின் அகலம் ஹெல்வியின் பழைய மானிட்டர் அளவேதான்.

சுவரில் பக்கம் விழுந்தது. மெனு அறிவிப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

ட்ரெஸ்லர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்னம்மா இது? எந்த ஸ்டாப்புன்னே தெரியலையே."

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் நாடியா, தலையைத் திருப்பி.

"ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்கு. கண் இல்லாதவங்க படிக்கலாம், கண் இருக்கறவங்க படிக்க முடியாது போல."

ஜோசலினின் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு நிமிஷம்... காலைல நல்லா இருந்தது..." ஃபைலைத் திறந்தாள். மேலே போனாள், கீழே போனாள். சுவரில் எல்லோரும் பார்க்க, அம்புக்குறி அங்கும் இங்கும் அலைந்தது. ஓர் எண்ணை மாற்றினாள். மெனு ஒரேயடியாக ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பழையபடி மாற்றினாள்.

இதற்காகத்தான் காலையில் வாயை மூடிக்கொண்டாள் ஹெல்வி. இந்த நிமிடம் வந்தால் எப்படி இருக்கும் என்று காரில் வரும் வழியெல்லாம் நினைத்துப் பார்த்தாள். இனித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் கழுத்தில் சிவப்புத் திட்டுகள் படர்வதைப் பார்த்தபோது, அது இனிக்கவில்லை.

ரைமோ அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் சைக்கிள் செயின் கழன்றால் அப்படித்தான் பார்ப்பான்.

ஹெல்வி எழுந்து போனாள். "கொஞ்சம் நகரு."

சுற்றுப்பெட்டிக்கான இடத்துக்கு நேராகப் போய், ஒரு வரியைத் தட்டினாள். பொசிஷன், ரிலேட்டிவ். மெனுவுக்குப் போய் அந்த எண்ணைச் சைபராக்கினாள். சேமித்தாள். புதுப்பித்தாள். சுவரில் மெனு வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் நின்றது. பதினான்காம் நிறுத்தம் பளிச்சென்று தெரிந்தது.

"ரிலேட்டிவ்!" என்று ரைமோ மூச்சை விட்டான். "சொந்தக்காரங்க இருந்தாத்தான் எல்லாம் அதது இடத்துல நிக்கும், பாத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜோசலின் சிரிக்கவில்லை. அவள் ஹெல்வியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார் நாடியா.

"என் அக்கா, ஹெல்வி" என்றான் ரைமோ பெருமையாக.

"அப்ப இப்படிச் செய்வோம். நூத்தி எண்பது பக்கம் இருக்கு. எல்லாத்தையும் இந்தப் பொண்ணு மாதிரியே மாத்துங்க, ஏப்ரல் முதல் தேதிக்குள்ள. ஆனா ஒவ்வொரு பக்கமும் வெளிய போறதுக்கு முன்னாடி, ஹெல்வி பாத்து சரின்னு சொல்லணும்." நாடியா ஹெல்வியின் குரல் முன்பு வந்த பக்கம் திரும்பினார். "என் ஆளுங்க உங்களை நம்பித்தான் ஸ்டாப்புல போய் நிப்பாங்க."

ஹெல்வி தலையாட்டினாள். அது அந்த அம்மாவுக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

*

ரைமோ காபி வாங்க எதிர்க் கடைக்கு ஓடினான். இரண்டு பெண்களும் வாகன நிறுத்தத்தில், காரின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஏரியிலிருந்து வந்த காற்று பொடிப் பனியைத் தரையோடு விரட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க தேடவே இல்லையே" என்றாள் ஜோசலின்.

"என்ன?"

"அவ்வளவு நீள ஃபைல். நீங்க அதுக்கு முன்னாடி அதைத் தொட்டதுகூட இல்ல. நேரா அந்த இடத்துக்குப் போனீங்க. அந்த நம்பரையும் நேரா எடுத்தீங்க. எங்க இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

பொய் சொல்லலாம். அனுபவம் என்று சொன்னால் போதும், ரைமோ நம்புவான்.

"காலைலயே பாத்தேன்" என்றாள் ஹெல்வி.

ஜோசலின் காரின் கூரைமேல் கையை வைத்தாள். உறையில்லாத கை. "நான் கேட்டேன். உங்க கிட்ட வந்து நின்னு கேட்டேன்."

"ஆமா."

"ஏன்?"

"உன்னைப் பாத்தா எனக்கு எரியுது. அதான்." இவ்வளவு சுலபமாக வரும் என்று ஹெல்வி நினைக்கவில்லை. "ஏழு வருஷமா நான் கட்டினதை நீ எட்டு மாசத்துல பழசாக்கிட்ட. அவன் உன்னையே பாத்துக்கிட்டு இருக்கான். நான் இன்னும் இங்கதான் இருக்கேன்னு யாருக்கும் தெரியல."

ஜோசலின் சிரித்தாள், சந்தோஷமில்லாமல். "உங்களுக்கு எரியுதா? வீட்டுல ஒரு டப்பாவை நான் எங்க வெச்சாலும் ரைமோ வாயில 'ஹெல்வி இப்படி வைக்க மாட்டா'. சூப்புல உப்பு, 'ஹெல்வி கொஞ்சம் கம்மியாப் போடுவா'. கல்யாணமானதுலேருந்து நான் தினம் உங்களைத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த அம்மா 'யார் பண்ணினது'ன்னு கேட்டப்ப 'நான்'னு சொன்னேன். அஞ்சு நிமிஷம்கூட அது என் கிட்ட இருக்கல."

ரைமோ மூன்று காகிதக் கோப்பைகளோடு வந்து சேர்ந்தான். "என்ன ரெண்டு பேரும் வெளிய நிக்கறீங்க? விறைச்சுப் போயிடுவீங்க."

"ரைமோ" என்றாள் ஹெல்வி. "அந்தத் தப்பை நான் காலைலயே பாத்துட்டேன். வேணும்னே சொல்லல."

அவன் சிரித்தான். அக்கா இப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டு கேலி செய்வாள். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல வடிந்து போயிற்று.

"நம்ம கம்பெனி அது" என்றான் மெதுவாக. "நம்ம பேரு அது, ஹெல்வி."

"தெரியும்."

"இனிமே ஒவ்வொரு பக்கமும் நீ பாத்து சரி சொல்லணும்னு அந்த அம்மா சொன்னாங்க. உன்னை நம்பி!" கோப்பைகளைக் கார் பானெட்டின் மேல் வைத்தான். ஒன்று சாய்ந்து பனியில் கொட்டியது. அவன் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நான் இப்ப என்ன பண்ணட்டும், சொல்லு."

"நீ எதுவும் பண்ண வேணாம். நான் மேல போய் அவங்க கிட்ட சொல்லிட்டு வரேன்."

"வேணாம்!" என்றாள் ஜோசலின். ரைமோ திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். "போகாதீங்க. சொந்த ஆளுங்களே குழி பறிக்கற கம்பெனியை யாரு வெச்சுப்பாங்க? வேலை போயிடும். அது நான் பண்ணின பக்கம். உங்க மனசு லேசாகறதுக்கு என் பக்கத்தைத் தூக்கிப் போடாதீங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.  ஹெல்வி போய்ச் சொன்னால், ஜோசலினின் பெருமையை இன்னொரு முறை பறித்ததாகும். சொல்லாவிட்டால், தன் சொல்லை நம்பி யாரோ ஒருவர் நாளைக்குப் பனியில் போய் நிற்பார்.

"உன் பக்கத்தை அவங்க விட மாட்டாங்க. அது அவ்வளவு நல்லா இருக்கு" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. "போறதுன்னா நான்தான் போவேன்."

திரும்பி நடந்தாள். பின்னால் ரைமோ கூப்பிட்டது கேட்டது. ஜோசலின் ஏதோ சொன்னதும் கேட்டது. காற்றில் சொல் பிரியவில்லை.

இரண்டாம் மாடியில் நாடியாவின் அறைக்கதவு திறந்தே இருந்தது. அவர் டார்ட் ஒன்றைக் கடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். காலடி கேட்டு நிறுத்தினார்.

"யாரு?"

"ஹெல்வி கிவெலா. உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் நீங்க என்னை வேணாம்னு சொல்லலாம். ஆனா பக்கத்தை வேணாம்னு சொல்லக் கூடாது."

நாடியா டார்ட்டைத் தட்டில் வைத்தார். தலையைச் சற்றுச் சாய்த்தார்.

"உக்காருங்க" என்றார். "பின்னாடி நிக்கறவங்களையும் உள்ள வரச் சொல்லுங்க."

ஹெல்வி திரும்பினாள். மாடிப்படி ஏறிவந்த வேகத்தில் மூச்சு வாங்க, பூட்ஸில் பனி உருகிச் சொட்ட, கதவோரத்தில் நின்றிருந்தாள் ஜோசலின். தடுக்க வந்தாளா, கூட நிற்க வந்தாளா என்பது முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதபடி இருந்தது.

அவள் உள்ளே வந்து, கதவைச் சாத்தினாள்.